பாலை விட்டுக் கடுங்காப்பிக்கு மாறினேன், கொலஸ்ட்ரால் ஏன் ஏறியது?

கேள்வி: எனக்கு வயது 53. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். போன முறை ரத்தப் பரிசோதனையில் மொத்த கொலஸ்ட்ரால் 214, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 136, டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு 160 இருந்தது. பால் காப்பியை விடச் சொல்லி நாத்தனார் சொன்னதால், நாலு மாதமாகக் கருப்பட்டிக் கடுங்காப்பிதான். தண்ணீரில் கருப்பட்டியைப் போட்டுக் கொதித்ததும் காப்பித்தூளைப் போட்டு, ஒரு கொதி விட்டு, தெளியவைத்து இறுத்துக் குடிக்கிறேன். முன்பு இரண்டு டம்ளர் பால் காப்பி குடித்தேன். இப்போது பால் இல்லையே என்று ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் ஆகிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தைராய்டு மாத்திரையைக்கூட இந்தக் காப்பியோடுதான் போட்டுக்கொள்கிறேன். முன்பெல்லாம் பால் வர ஆறரை மணி ஆகும், அதுவரை காத்திருப்பேன். போன வாரம் பார்த்தால் மொத்த கொலஸ்ட்ரால் 242, எல்.டி.எல். 158, டிரைகிளிசரைடு 190. நல்ல கொலஸ்ட்ரால் அப்படியே 46. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இல்லை. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டர்வாஸ்டாட்டின் மாத்திரை 10 மி.கி. எழுதியிருக்கிறார், இன்னும் ஆரம்பிக்கவில்லை. பாலை விட்டும் ஏன் ஏறியது? காப்பியை அடியோடு நிறுத்தினால் மாத்திரை தேவைப்படாதா? காப்பியில் சத்து ஏதாவது இருக்கிறதா? என் கணவர் பில்டர் காப்பி குடிக்கிறார், அவரும் நிறுத்த வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

காப்பியைச் சமைக்கும் விதம் முதல் மாத்திரை போடும் நேரம் வரை எதையும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் அனுப்பியிருந்தால் என்னால் பாதிதான் சொல்லியிருக்க முடியும். நீங்கள் தப்பாக எதுவும் செய்துவிடவில்லை. நல்லது என்று நம்பித்தான் மாறினீர்கள். ஆனால் அந்த மாற்றத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. காப்பி சமைக்கும் முறை மாறியது, இனிப்பின் அளவு கூடியது, தைராய்டு மாத்திரையின் நேரம் மாறியது. மூன்றுமே ரத்தக் கொழுப்பைத் தொடுகிறவை.

முதலில் காப்பி. காப்பிக்கொட்டையில் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. பால், முட்டை, இறைச்சி என்று விலங்கு, பறவைகளிடமிருந்து வரும் உணவில்தான் கொலஸ்ட்ரால் உண்டு. அப்படியென்றால் கடுங்காப்பி எப்படி அதை ஏற்றும்? கொட்டையில் எண்ணெய் இருக்கிறது. அராபிகா வகைக் கொட்டையில் எடையில் ஏறக்குறைய 15 சதம், ரோபஸ்டா வகையில் 10 சதம். அந்த எண்ணெயில் கஃபெஸ்டால், காவியோல் என்று இரண்டு பொருள்கள் கரைந்திருக்கின்றன. நம் அன்றாட உணவில் இருப்பவற்றில் கொலஸ்ட்ராலை ஏற்றும் வலிமை கஃபெஸ்டாலுக்கு மிக அதிகம்.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் கல்லீரல் தன்னிடம் சேரும் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கும் முக்கிய வழி, அதைப் பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்கு அனுப்புவது. குடலில் பித்த அமிலம் போதுமான அளவு இருந்தால், “போதும், தயாரிப்பைக் குறை” என்று குடலிலிருந்து கல்லீரலுக்கு ஒரு சேதி போகும். கஃபெஸ்டால் அதே சேதியைப் பொய்யாக அனுப்பிவிடுகிறது. கல்லீரல் பித்த அமிலத் தயாரிப்பைக் குறைக்கிறது, செலவாகாத கொலஸ்ட்ரால் தேங்குகிறது, ரத்தத்தில் எல்.டி.எல். ஏறுகிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துப் பேலர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2007இல் இந்த வழியை விளக்கினார்கள்.

ஆனால் சந்தேகம் அதற்கு வெகு முன்பே எழுந்துவிட்டது. நார்வேயின் வடகோடியில் உள்ள ட்ரோம்சோ நகரத்து மக்களை ஆராய்ந்தவர்கள், அதிகம் காப்பி குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் அதிகம் இருப்பதை 1983இல் வெளியிட்டார்கள். மற்ற நாடுகளில் சிலர் அதே ஆய்வைச் செய்து பார்த்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை. இந்த முரண்பாட்டுக்கு விடை காப்பி சமைக்கும் முறையில் இருந்தது. வட நார்வேயில் அந்தக் காலத்தில் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தூளை அதிலேயே போட்டு, மண்டி அடியில் தங்கியதும் தெளிவை ஊற்றிக் குடிப்பார்கள். நீங்கள் எழுதியிருப்பதும் இதேதான். கருப்பட்டி ஒன்றுதான் வித்தியாசம்.

இதை நெதர்லாந்தில் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். 1989இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு குழு கொதிக்கவைத்த காப்பியும் இன்னொரு குழு காகிதத்தில் வடித்த காப்பியும் நாளுக்கு 4 முதல் 6 கோப்பை வீதம் 9 வாரம் குடித்தன. கொதிக்கவைத்ததைக் குடித்தவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 15 புள்ளி கூடியது. காகிதத்தில் வடித்ததைக் குடித்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. 1991இல் இன்னும் ஒரு படி போனார்கள். அதே கொதிக்கவைத்த காப்பியைக் காகித வடிகட்டியில் ஊற்றி வடித்துக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் ஏறவில்லை. கஃபெஸ்டால் இருக்கும் எண்ணெயைக் காகிதம் பிடித்து நிறுத்திவிடுகிறது. அந்தக் காகித வடிகட்டியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்தில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத்தலைவி. 1908இல் தன் மகனின் நோட்டுப்புத்தகத்திலிருந்த மையொற்றும் தாளைக் கிழித்துச் செய்து பார்த்தார். வாயில் மண்டி படக்கூடாது என்பதுதான் அவர் நோக்கம். கொலஸ்ட்ராலைப் பற்றி அப்போது யாருக்குத் தெரியும்?

உங்கள் எல்.டி.எல். 136இலிருந்து 158, அதாவது 22 புள்ளி ஏறியிருக்கிறது. இதில் ஒரு பகுதி இந்த எண்ணெயால் வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எவ்வளவு என்பது ஒரு டம்ளருக்கு எத்தனை கரண்டி தூள் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிராமத்துக் கடுங்காப்பியில் தூள் குறைவாகவே போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஐந்து டம்ளர் ஐந்து டம்ளர்தான்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி. தைராய்டு மாத்திரையைக் காப்பியோடு போடுகிறீர்கள். முன்பு பால் வரும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தீர்கள். அந்தக் காத்திருப்பு உங்களை அறியாமலே மாத்திரைக்குப் பாதுகாப்பாக இருந்தது. இப்போது பால் தேவையில்லை என்றானதும் அது போய்விட்டது. தைராக்ஸின் மாத்திரை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போனால்தான் குடலில் சரியாக உறிஞ்சப்படும். காப்பியோடு போட்டால் உறிஞ்சப்படும் அளவு குறைந்துவிடும். பாலில்லாத கடுங்காப்பிக்கும் இது பொருந்தும். மாத்திரை தினமும் தவறாமல் போட்டும் உடம்புக்குப் போதுமான ஹார்மோன் சேர்வதில்லை. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐக் கல்லீரல் இழுத்துக்கொள்ளும் வேகமும் குறையும், கொலஸ்ட்ரால் ஏறும். இது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கும் முன் தைராய்டு அளவைப் பார்ப்பதும் அதனால்தான்.

தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திராவிட்டால் இந்த வாரமே பாருங்கள். சில மாதமாக அசதி, மலச்சிக்கல், உடம்பு ஊதுவது, குளிர் தாங்காதது என்று ஏதாவது இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நாளையிலிருந்து மாத்திரையைத் தண்ணீரில் மட்டும் போடுங்கள். காப்பிக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ சாப்பிடுகிறவராக இருந்தால் அவற்றுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் எழுந்ததும் காப்பி இல்லாமல் முடியவே முடியாது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து மாத்திரை போடும் வழியும் இருக்கிறது. அதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, கருப்பட்டி. இதைச் சொன்னால் நம் பக்கத்தில் பலருக்கு வருத்தம் வரும், எனக்கும் கருப்பட்டி பிடிக்கும். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் அதில் உண்டு என்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். ஒரு டம்ளருக்கு 15 கிராம் என்று வைத்தாலும் ஐந்து டம்ளருக்கு 75 கிராம், கிட்டத்தட்ட 300 கலோரி. சேர்த்துக்கொள்ளும் இனிப்பு நாளின் மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் பெண்களுக்கு அது சுமார் 25 கிராம். மிச்சம் போகும் இனிப்பைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றிக்கொள்ளும். உங்களுக்கு 160 இருந்தது 190 ஆனதற்கு இதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.

பாலை நிறுத்தியது வீண்தானா என்று கேட்பீர்கள். இரண்டு டம்ளர் காப்பியில் சேரும் பால் 200 மி.லி. என்று கொண்டால், பசும்பாலில் 8 கிராம் கொழுப்பு, அதில் 5 கிராம் எல்.டி.எல்.-ஐ ஏற்றும் நிறைகொழுப்பு. அதை விட்டதால் சிறு நன்மை உண்டு. அந்தச் சிறு நன்மையை மற்ற மூன்றும் சேர்ந்து விழுங்கிவிட்டன.

காப்பியை அடியோடு நிறுத்த வேண்டுமா? வேண்டாம். வடிகட்டிக் குடியுங்கள். கடுங்காப்பி பிடித்துப்போயிருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். வழக்கம்போல் கொதிக்கவையுங்கள், இறுத்ததைச் சூடாக இருக்கும்போதே காகித வடிகட்டியில் ஊற்றி இன்னொரு முறை வடித்துவிடுங்கள். கூம்பு வடிவக் காகிதம் பெரிய கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. டீ வடிகட்டிக்குள் அதை வைத்து ஊற்றலாம். மெதுவாகத்தான் இறங்கும், பொறுமை வேண்டும். காகிதம் கிடைக்காத ஊரில் நெருக்கமாக நெய்த துணி உதவும். சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளில் நீளமான துணிப்பையில் வடித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வடித்த காப்பியில் கஃபெஸ்டால் மிகக் குறைவு என்று அங்கே நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. துணியை அன்றன்றைக்கு அலசி வெயிலில் காயப்போட வேண்டும், எண்ணெய் ஏறிய துணியை மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது.

டம்ளர் எண்ணிக்கையை மூன்றுக்குள் கொண்டுவாருங்கள். கருப்பட்டியைப் பாதியாக்கி, நாக்கு பழகியதும் இன்னும் குறையுங்கள். சாயங்கால டம்ளருக்குச் சுக்கு, மல்லி, மிளகு போட்ட சுக்குக் காப்பி வைத்துக்கொள்ளுங்கள். பேரில்தான் காப்பி இருக்கிறது, காப்பித்தூள் சேர்க்காவிட்டால் கஃபெஸ்டாலும் இல்லை, தூக்கத்தைக் கெடுக்கும் கஃபீனும் இல்லை. அவசரத்துக்கு இன்ஸ்டன்ட் காப்பி குடித்தாலும் பாதகமில்லை. அதில் இந்த எண்ணெய் மிகவும் குறைவு. கஃபீன் நீக்கிய காப்பி வாங்கினால் கொலஸ்ட்ரால் ஏறாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. ஏற்றுவது கஃபீன் இல்லை, எண்ணெய். அதை நீக்குவது வடிகட்டிதான். சமீபமாக நெய்யை ஒரு கரண்டி விட்டுக் காப்பி குடித்தால் உடம்பு இளைக்கும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் 8, 9 கிராம் நிறைகொழுப்பு இருக்கிறது. எல்.டி.எல். 158 உள்ள நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனி உங்கள் கணவரின் பில்டர் காப்பி. நம் பில்டரில் துளைகள் இருப்பது உலோகத் தட்டில். எண்ணெய் அதன் வழியே இறங்கும். ஆனால் தண்ணீர் தூளின் வழியே சொட்டுச் சொட்டாகக் கீழே வருவதால் எண்ணெயில் பெரும்பங்கு தூளிலேயே தங்கிவிடும். கொதிக்கவைத்து மண்டியோடு கிடப்பதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சுவீடனில் அலுவலகக் காப்பி இயந்திரங்களை ஆராய்ந்து 2025இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உலோக வடிகட்டி உள்ள இயந்திரத்துக் காப்பியில் காகிதத்தில் வடித்ததைவிடப் பத்து மடங்குக்கு மேல் கஃபெஸ்டால் இருந்தது. கொதிக்கவைத்த காப்பியிலோ அந்த உலோக வடிகட்டிக் காப்பியைவிட ஐந்து மடங்கு இருந்தது. நம் பித்தளை, எவர்சில்வர் பில்டர் காப்பியை இந்த நடுவகுப்பில் வைத்துப் பேசுவதே நியாயம் என்பது என் கருத்து. கொலஸ்ட்ரால் சரியாக இருப்பவர் இரண்டு, மூன்று டம்ளர் குடிக்கலாம். அதிகம் இருப்பவர் பில்டரின் மேல்பாத்திரத்தில் காகிதத்தை வட்டமாக வெட்டிப் போட்டு, அதன்மேல் தூளைப் போடலாம். தூள் சற்றுக் கொரகொரப்பாக இருந்தால்தான் டிகாஷன் இறங்கும்.

சிக்கரியைப் பற்றியும் பயம் வேண்டாம். அது வறுத்த கிழங்கு. அதில் கஃபீனும் இல்லை, கஃபெஸ்டாலும் இல்லை. 70க்கு 30 கலவை வாங்குகிறவர் வீட்டு டிகாஷனில் காப்பி எண்ணெய் அந்த அளவுக்குக் குறைவுதான்.

கணவர் விஷயத்தில் நான் கவலைப்படுவது பாலைப் பற்றி. ஆரஞ்சு பாக்கெட் முழுக்கொழுப்புப் பாலில் 100 மி.லி.க்கு 6 கிராம் கொழுப்பு. ஒரு டம்ளருக்கு 100 மி.லி. பால் வைத்து, நாலு டம்ளர் குடித்தால் 24 கிராம். அதில் 15 கிராம் நிறைகொழுப்பு. ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைகொழுப்பு 20 கிராமைத் தாண்டக்கூடாது என்பது பொதுக்கணக்கு. முக்கால்வாசி காப்பியிலேயே முடிந்துவிடும், தேங்காய்ச் சட்னிக்கும் குழம்புக்கும் இடமேது? டோன்டு பாலில் 3 கிராம், டபுள் டோன்டில் ஒன்றரை கிராம்தான். டிகாஷன் கெட்டியாக இருந்தால் டோன்டு பாலிலும் காப்பி நன்றாகவே இருக்கும். கூடவே தொட்டுக்கொள்ளும் முறுக்கு, பேக்கரி பிஸ்கட், வடை இவற்றையும் அவர் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சத்து கேட்டீர்கள். பாலும் இனிப்பும் சேராத ஒரு பெரிய கோப்பை, அதாவது 240 மி.லி. காப்பியில் 2 கலோரிதான் இருக்கிறது. பொட்டாசியம் 100 மி.கி.க்கு மேல், மக்னீசியம் சிறிதளவு, ரைபோஃப்ளேவின், நியாசின் என்ற பி வைட்டமின்கள் கொஞ்சம். கொட்டையை வறுக்கும்போது அதிலுள்ள டிரைகோனெல்லின் என்ற பொருள் சிதைந்து நியாசின் உருவாகிறது. வறுத்த கொட்டைக்குப் பச்சைக்கொட்டையைவிட இது ஒன்றில் மேன்மை. ஆனால் இந்த வைட்டமினுக்காக யாரும் காப்பி குடிக்க வேண்டியதில்லை. காப்பியின் உண்மையான செல்வம் குளோரோஜெனிக் அமிலம் போன்ற பாலிஃபினால்கள் என்ற தாவரப் பொருள்கள். அளவாகக் காப்பி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவும் கல்லீரல் நோயும் குறைவாக வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நார்வேயில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 20 ஆண்டு கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், வடிகட்டிய காப்பியை அளவாகக் குடித்தவர்களிடையே இறப்பு, காப்பியே குடிக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது. வடிகட்டாத காப்பியைவிட வடிகட்டியதே நல்லது என்றும் தெரிந்தது. காப்பியை அடியோடு விடச் சொல்ல எனக்கு மனம் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 150 மி.லி. காப்பியில் 80 முதல் 120 மி.கி. கஃபீன் இருக்கும், நாளுக்கு 300 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று டம்ளர் என்று நான் சொன்னதற்கு இதுவும் கணக்கு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை இவை தடுக்கும்.

கடைசியாக மாத்திரை. இதை உங்கள் டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். காப்பி முறையை மாற்றினால் கிடைப்பது பத்துப் பதினைந்து புள்ளி. அட்டர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எல்.டி.எல்.-ஐ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும். இரண்டும் ஒரே எடை இல்லை. மாதவிடாய் நின்ற வயதில் எல்.டி.எல். தானாகவே கூடும் என்பதையும் மறக்கக்கூடாது. நெஞ்சுவலி, முன்பு மாரடைப்பு, பக்கவாதம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்குங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், “தைராய்டு மாத்திரையைக் காப்பியோடு போட்டுவந்தேன், அதைச் சரிசெய்து பார்த்துவிட்டுத் தொடங்கலாமா?” என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அவருக்கு இந்த விவரம் தெரிந்திருக்க நியாயமில்லை. உடனே தொடங்கச் சொன்னாலும் தயங்காமல் தொடங்குங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச்.-ஐயும் கொலஸ்ட்ராலையும் ஒன்றாகப் பாருங்கள். பழைய இரண்டு தாள்களையும் எடுத்துப்போங்கள். முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது. தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கும் அதன்பின் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி.